ஓரிரு இடங்களில்

அந்த வாரம் முழுவதும் வானிலை அறிக்கை ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கோவை மாவட்டத்தில் வானம் மேகமூட்டத்துடன் காணப்படும். லேசானது முதல் மிதமான மழை பெய்யும். மலையை ஒட்டிய பகுதிகளில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்.

பயப்படும்படி இதில் ஒன்றுமில்லை. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நேரத்தில் எங்கள் ஊர் இப்படித்தான் இருக்கும். வெயில் இல்லை, பெரிய குளிரும் இல்லை. காலையில் ஒரு தூறல், மதியம் கொஞ்சம் வெளிச்சம், சாயங்காலம் மறுபடியும் தூறல். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மற்ற நாட்களில் தூரத்தில் மேற்கு மலை தெரியும். அந்த வாரம் அங்கே சாம்பல் நிறம் மட்டும்தான் இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் நல்ல க்ளைமேட் என்று சந்தோஷமாகச் சொன்னார்கள்.

எனக்கு மட்டும் அந்த ஓரிரு இடங்கள் எவை என்று தெரிய வேண்டியிருந்தது.

ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு மொட்டை. எங்கள் குலதெய்வம் கோயில் ஆனைமலைக்குப் போகிற வழியில், மலை அடிவாரத்தில் இருக்கிறது. சுற்றிலும் தென்னந்தோப்பு. கோயில் என்றால் ஒரு சின்னக் கருவறை, அதன் முன்னால் தகரக் கூரை, அப்புறம் திறந்த வாசல். அந்த வாசலில் உட்கார வைத்துத்தான் தலையில் தண்ணீர் தெளித்து முடி எடுப்பார்கள். முடித்த கையோடு சிமென்ட் தொட்டியில் இருக்கிற தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளிப்பாட்டி, மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம் பூசிவிடுவார்கள். சித்திரை மாதத்தில் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். கார்த்திகை மழையில், மூச்சுத் திணறல் வந்து எழுந்த குழந்தைக்கு?

ஆடி மாதத்துக் காற்றில் அவளுக்கு அது வந்தது. சாதாரணச் சளி என்றுதான் இருந்தோம். ஒரே நாளில் நெஞ்சில் விசில் ஊதுவதுபோலச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்தபோது, அழுவதற்குக்கூட மூச்சு இல்லாமல் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியும் அவள் தூங்கும்போது நான் காதை அவள் நெஞ்சில் வைத்துக் கேட்பதை நிறுத்தவில்லை. நெபுலைசர் மெஷின் ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்திருந்தோம். அதைத் துடைத்துத் துடைத்து வைப்பேன்.

பிறகு ஏன் இந்த மாதத்தில் மொட்டைக்கு நாள் வைத்தோம் என்று கேட்கலாம். நாள் வைத்தது நானில்லை.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், என் கணவர், அத்தை, பாப்பா. அத்தை என்றால் என் மாமியார். மூன்று வயது நிறைவதற்குள் குலதெய்வத்துக்கு முடி கொடுத்துவிட வேண்டும் என்பது வீட்டு வழக்கம். பாப்பாவுக்கு மாசியில்தான் மூன்று முடிகிறது. மொட்டை போடும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், அதனால் என் அண்ணன் வராமல் முடியாது. அண்ணன் ஓசூரில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வந்திருந்தபோது பேச்சு எடுத்தார்கள். கோயில் பூசாரி இரண்டு நாட்களைச் சொல்லியிருந்தார். ஒன்று கார்த்திகையில், இன்னொன்று தையில்.

நான் காபி ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மாமன் நீங்கதானுங்க தம்பி. உங்களுக்கு எப்பச் சௌரியமோ அன்னிக்கே வெச்சுக்கலாங்க,” என்றார் அத்தை.

“எனக்கென்னங்க அத்தை. உங்க சௌரியந்தானுங்க முக்கியம்.”

“அப்பிடிச் சொல்லாதீங்க. நீங்க லீவு போட்டு வரோணும். எங்களுக்கு எந்த நாளும் ஒண்ணுதானுங்க.”

“எனக்கும் அப்பிடித்தானுங்க. நீங்க சொல்றபடி ஆகட்டுங்க.”

“அப்ப கார்த்திகையிலயே வெச்சுக்கலாங்களா?”

“ஆகட்டுங்க அத்தை. நெம்ப நல்லதுங்க.”

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். நான் காபியைக் கொடுத்தேன். கார்த்திகையில் மழை இருக்குமே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெரியவர்கள் பேசி முடித்துவிட்ட இடத்தில் மருமகள் குறுக்கே விழுவானேன் என்று விட்டுவிட்டேன்.

இந்த வாரம் வந்ததும் என் வேலை ஃபோனைப் பார்ப்பதாகிவிட்டது. ஃபோனில் இரண்டு வானிலை ஆப் வைத்திருந்தேன். ஒன்று ஞாயிற்றுக்கிழமைக்கு மேகமும் சூரியனும் கலந்த படம் காட்டும். இன்னொன்று மேகத்தின் கீழே மூன்று சொட்டுகளைக் காட்டும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டும் மாறியிருக்கும். டிவியில் செய்தி முடிந்து வானிலை வரும்வரை காத்திருப்பேன். பேப்பரில் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஓரமாகப் போடுவதையும் விடமாட்டேன். கல்லூரியில் நான் படித்தது கணக்கு. நிகழ்தகவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அறுபது சதவீதம் மழை என்றால் நாற்பது சதவீதம் மழை இல்லை என்றும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? என் குழந்தையின் நெஞ்சை அறுபது, நாற்பது என்று பிரிக்க முடியுமா?

“நீ பேசாம வானிலை ஆபீசுல வேலைக்குச் சேந்துரு,” என்றார் கணவர். அவருக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. மதியம் சாப்பிட வந்திருந்தார்.

“ஏனுங்க, அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?”

“என்னன்னு?”

“மழையா இருக்குது, தள்ளி வெச்சுக்கலாம்னு.”

“நீயே சொல்லு.”

“நான் எப்பிடிங்க சொல்றது? சாமி காரியம். நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா மருமக தடுத்தாள்னு ஆயிரும்.”

அவர் ரசத்தைக் குடித்து முடித்தார். “அம்மா முடிவு பண்ணிட்டாங்க. உங்கண்ணன் லீவும் போட்டாச்சு. இப்பப் போயி நான் என்ன சொல்லட்டும்? லேசான மழைன்னுதான போட்டிருக்கான். போயிட்டு வந்துரலாம் விடு.”

அவருக்கு லேசான மழை. எனக்கு ஓரிரு இடங்கள்.

டாக்டருக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். “மொட்டையால ஒண்ணும் ஆகாதும்மா. ஈரத்தோட நிக்க வைக்காதீங்க, அவ்வளவுதான்,” என்றார். வைத்த பிறகுதான் யோசனை வந்தது. ஈரத்தோடு நிற்க வைப்பதுதானே அங்கே சடங்கே? தொட்டித் தண்ணீரையும் சந்தனத்தையும் டாக்டரிடம் நான் சொல்லவில்லையே. திரும்பக் கூப்பிட வெட்கமாக இருந்தது. ஏற்கெனவே அந்த ஆஸ்பத்திரி நர்ஸுக்கு என் குரல் நன்றாகத் தெரியும்.

மனதை வேறு பக்கம் திருப்ப, போவதற்கு வேண்டியதை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். இரண்டு ஃபிளாஸ்க்கில் வெந்நீர். தொட்டித் தண்ணீரை யாரும் பார்க்காமல் இதைக் கலந்து மாற்றிவிடலாம். மூன்று துண்டு, காதை மூடும் குல்லா, ஸ்வெட்டர், மெஷின். மெஷினை எடுத்து வைத்த பிறகு, கோயிலில் கரண்ட் இருக்குமா என்று புதிய கவலை வந்தது. மழை என்றால் அந்தப் பக்கம் கரண்ட் போய்விடும். காரில் செருகுகிற மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று கணவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பதில் இருந்தது.

வீட்டுக்குள்ளோ ஒரு துணியும் காயவில்லை. கூடத்தின் குறுக்கே கொடி கட்டி, பாப்பாவின் சட்டைகளையும் ஜட்டிகளையும் போட்டு, மேலே ஃபேனைச் சுற்றவிட்டிருந்தோம். அப்படியும் ஈர வாசம் போகவில்லை. அவளுடைய பனியன்களை மட்டும் இஸ்திரிப் பெட்டி வைத்துக் காயவைத்தேன். அவளோ கொடிக்குக் கீழே புகுந்து புகுந்து ஓடி, தலையில் சட்டை விழுந்தால் கைகொட்டிச் சிரித்தாள். கண்ணை மறைக்கிற அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. சாமிக்கு நேர்ந்த முடி என்று கத்திரிக்கவும் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் அவள் தும்மினாள்.

ஒரே ஒரு தும்மல். மூக்கின் கீழே லேசாக ஈரம். நெஞ்சில் காதை வைத்தேன். சுத்தமாக இருந்தது. மறுபடி வைத்தேன். என் இதயம் அடிக்கிற சத்தத்தில் அவளுடையது கேட்கவில்லை. டிவியைப் போட்டேன். வங்கக் கடலில் ஒரு சுழற்சி இருப்பதாகவும், மேற்கு மாவட்டங்களில் ஞாயிறு வரை மிதமான மழை தொடரும் என்றும் சொன்னார்கள். மலையை ஒட்டிய பகுதிகளில் ஓரிரு இடங்களில். அதே வாக்கியம். வாரம் முழுவதும் கேட்டுக் கேட்டு எனக்குள் ஏதோ ஒன்று தீர்ந்துபோயிருந்தது. அந்த அறிக்கையைப் படிக்கிற பெண் ஒருநாளும் நான் போகலாமா வேண்டாமா என்று சொல்லப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதைச் சொல்வது அவளுடைய வேலையும் இல்லை.

அத்தை சமையலறையில் கோயிலுக்கு மாவிளக்குக்கு வேண்டியதை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று ஐந்தாறு விதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். டாக்டர் சொன்னார் என்று ஆரம்பிப்பது ஒன்று. அவர் சொல்லவில்லையே. என் கணவர் நினைக்கிறார் என்று ஆரம்பிப்பது இன்னொன்று. அவர் மாட்டிக்கொள்வார்.

“அத்தை, இந்த ஞாயித்துக்கிழமை வேண்டாங்க.”

அவ்வளவுதான் வந்தது.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். வெல்லக்கட்டி கையிலேயே இருந்தது.

“பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுதுங்க. மழை வேற. மொட்டை அடிச்சுத் தண்ணி ஊத்துனா எனக்குப் பயமா இருக்குதுங்க. சாமி கோவிச்சுக்காதுங்க. நீங்க கோவிச்சுக்கிட்டாலும்...”

அத்தை வெல்லத்தைப் பையில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பயந்துபோனேன்.

“ஏங்கண்ணு,” என்றார், “இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நீங்க நாள் குறிச்சுட்டீங்களேன்னுங்க...”

“நானா குறிச்சேன்? உங்கண்ணனுக்கு லீவு இந்த மாசந்தான் கெடைக்குமாட்ட இருக்குது, வாயத் தொறந்து கேக்கக் கூச்சப்படறாருன்னு நெனச்சு நானாக் கார்த்திகைன்னு எடுத்துக் குடுத்தேன். தை மாசம்னா எனக்கு இன்னும் சௌரியம். இந்த நாலு நாளா எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. அந்தத் தொட்டித் தண்ணி ஐஸாட்டம் இருக்குமே, புள்ளைக்கு மறுபடி இழுத்துதுன்னா என்ன பண்டறதுன்னு. சரி, மாமன் ஊட்டுக்காரங்க ஆசப்படறாங்க, நாம தடுக்கக் கூடாதுன்னு வாயத் தொறக்காம பொட்டாட்ட இருந்தேன்.”

நான் நின்றபடியே அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

“சொல்லு அம்மணி,” என்றான். பின்னால் மெஷின் சத்தம்.

“அண்ணா, மொட்டைக்கு இந்த மாசம் வேணும்னு நீ கேட்டியா?”

“நானா? நான் எங்க கேட்டேன்? அத்தைதான சொன்னாங்க. இங்க லீவு கெடைக்கலை. என்ற ஷிப்டை ஒருத்தன் தலையில கட்டறதுக்கு ஒரு வாரமாக் கெஞ்சிக்கிட்டிருக்கேன். நாளைக்கு நைட்டு பஸ்ஸுல நின்னுக்கிட்டாச்சும் வந்துருவேன். அத்தைகிட்ட ஒண்ணுஞ் சொல்லிப்போடாத.”

“அத்தை இங்கதாங் கேட்டுக்கிட்டிருக்காங்க.”

மெஷின் சத்தம் சட்டென்று தூரமானது. பிறகு, “அத்தைங்களா... நல்லா இருக்கீங்களா?” என்றான் குரலை மாற்றிக்கொண்டு.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “நல்லா இருக்கறேனுங்க தம்பி. இத்தனை நாளு நீங்களும் நானும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை குடுத்துக் குடுத்து, பச்சப்புள்ளயக் கொண்டுபோய் மழையில உக்கார வெச்சிருப்போம் போங்க.”

மதியம் கணவர் வந்ததும் சொன்னோம். கையைக் கழுவிக்கொண்டே, “நானும் அதேதான் நெனச்சேன். இந்த மழையில எதுக்குன்னு,” என்றார்.

“என்ன நெனச்சீங்க?” என்றேன்.

“தள்ளி வெச்சா நல்லா இருக்கும்னு.”

அத்தை சாதக் கரண்டியோடு திரும்பினார். “நெனச்சியாக்கும்? நெனச்சு உள்ளுக்குள்ளயே வெச்சுக்கோ. இவ புலம்பறது எனக்குக் கேக்காதுன்னா நெனச்சே? லேசான மழைதான், போயிட்டு வந்துரலாம்னு இவகிட்டச் சொன்னது யாரு, பக்கத்து ஊட்டுக்காரனா?”

“உங்களுக்கெல்லாம் ஆசையா இருக்குமேன்னும்மா...”

“ஆசை! எல்லாரும் அடுத்தவனுக்கு ஆசைன்னே சொல்லுங்க. சாப்பிடு.”

மிச்சமிருந்தது பூசாரிதான். அவரிடம் சொல்வதைத்தான் அத்தை பெரிதாக நினைத்தார். பொங்கலுக்கும் மாலைக்கும் ஏற்பாடு செய்திருப்பார், சாமி காரியத்தைத் தள்ளுவதா என்பார் என்று தயங்கித் தயங்கி ஃபோனை எடுத்தார். “ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க, புள்ளைக்கு மேலுக்குச் சௌரியமில்லைங்க...” என்று ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் அவர் பேசத் தொடங்கிவிட்டார். குரல் எனக்கும் கேட்டது.

“தாயி, நீங்களே சொல்லிப்போட்டீங்க. வாசலெல்லாம் ஒரே சேறுங்க. வண்டி உள்ள வராதுங்க. அடுப்புக்கு ஒரு காஞ்ச மட்டை கெடையாது. நானே கூப்பிட்டுச் சொல்லலாமான்னு நேத்திருந்து யோசிச்சுக்கிட்டிருக்கறேன். ஆசையா நாள் வெச்சிருக்கீங்க, எப்பிடிச் சொல்றதுன்னுதான்...”

அத்தை ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடியும்போது தூறல் இருந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்து, நல்லவேளை என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் நாங்கள் கோயிலில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில் தூறல் நின்று, மேகம் விலகி, நல்ல வெயில் அடித்தது. வாரம் முழுவதும் வராத வெயில். மாடிக்கு ஓடிப்போய் ஈரத் துணிகளை எல்லாம் உதறிப் போட்டேன். தூரத்தில் மலையின் கோடுகூடத் தெரிந்தது.

உடனே உள்ளுக்குள் பழைய வேலை ஆரம்பித்தது. போயிருக்கலாமோ? எல்லோரும் தயாராக இருந்த காரியத்தை நான் ஒருத்தி பயந்து கெடுத்துவிட்டேனோ? அத்தை என் மனம் நோகக்கூடாது என்றுதான் தானும் பயந்ததாகச் சொன்னாரோ? அப்படியும் இருக்கலாமே. எங்கள் பக்கத்து மனிதர்கள் அதையும் செய்வார்கள்.

கீழே வந்தபோது அத்தை பூசாரியிடம் பேசிக்கொண்டிருந்தார். “அங்க எப்பிடிங்க, மழையா வெயிலா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காதில் வாங்கிக்கொண்டார். ஃபோனை வைத்ததும் நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

“தூறுதாம். பெருசா இல்லையாம். கொஞ்சம் தூறுதாம், கொஞ்சம் நிக்குதாம்.”

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கனமழை என்றால் நிம்மதியாக இருந்திருக்கும். வெயில் என்றால் அழுதிருக்கலாம்.

என் முகத்தைப் பார்த்து அத்தை, “என்ன, போயிருக்கலாமோன்னு ஓடுதா?” என்றார்.

“உங்களுக்கும் ஓடுதுங்களா?”

“காலையில வெயிலப் பாத்ததும் ஓடுச்சு. அப்பறம் பாப்பா மூக்கத் தொடச்சு உட்டேன். போயிருச்சு.”

அவர் இதைச் சொன்ன விதத்தில் மரியாதை எதுவும் இல்லை. எனக்காகச் சொன்ன மாதிரியும் இல்லை. மூக்கைத் துடைத்த துணி கையில் இருந்தது. நான் அதை நம்பினேன். அந்த வாரத்தில் முதல் தடவையாகத் தோளை இறக்கி, நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அண்ணன் வீடியோவில் வந்தான். தை மாதத்து நாளை முடிவு செய்ய வேண்டும். முன்பு சொன்ன நாள்தான் என்றில்லை, மாதத்தின் முதல் ஞாயிறோ இரண்டாவது ஞாயிறோ, எங்களுக்குத் தோதான நாளில் வரலாம் என்று பூசாரி சொல்லியிருந்தார். கணவர் காலண்டரோடு உட்கார்ந்தார்.

“ஏனுங்க தம்பி, உங்களுக்கு எது சௌரியமுங்க?” என்றார் அத்தை.

“எனக்கு எதுனாலும் சரிங்க அத்தை. உங்களுக்கு...”

“ரெண்டாவது ஞாயிறு,” என்றேன் நான். “மொத ஞாயிறு பொங்கல் கூட்டம். பஸ் கெடைக்காது. அதுக்குள்ள பாப்பாவுக்குச் சளியும் நல்லா விட்டுரும். கோயிலுக்கு மத்தியானமாப் போனாப் போதும், வெயில் ஏறுனப்பறம் முடி எடுக்கலாம். தொட்டித் தண்ணி வேண்டாம், வெந்நி நான் கொண்டு வாரேன்.”

கணவர் காலண்டரிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ஃபோனுக்குள் அண்ணன் வாயைத் திறந்தபடி இருந்தான்.

“கேட்டீங்களா அத்தை,” என்றான் கடைசியில், “என்ற தங்கச்சி வாயில ‘ங்க’வே வரலை.”

“அது வராதவரைக்கும் நல்லதுங்க,” என்ற அத்தை மகனைத் தட்டினார். “வேடிக்கை பாக்காம அந்த நாள்ல வட்டம் போடுடா. மறுபடி யாராச்சும் உங்க சௌரியம்னு ஆரம்பிக்கறதுக்குள்ள.”

அவர் வட்டம் போட்டார். பாப்பா பேனாவைப் பிடுங்கிப் பக்கத்து நாட்களிலும் போட்டாள்.

அவளுக்குச் சளி இன்னும் சில நாட்கள் இருந்தது. மூக்கோடு நின்றுவிட்டது, நெஞ்சுக்கு இறங்கவில்லை. பையில் எடுத்து வைத்திருந்த மெஷினை வெளியே எடுத்து, ஈரம் படாத மேல் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.